சப்வூஃபர் வாங்கப்போகும் மாமாவுக்குக் கொஞ்சம் இயற்பியல்

இரவு ஒன்பது மணி. தோ பாயோவில், பலமாடி வாகன நிறுத்துமிடத்துக்கு எதிரே உள்ள ஒரு புளோக்கில் நீங்கள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார் ஒன்று வந்து நிற்கிறது. அதன் கண்ணாடிகள் எல்லாம் மூடியிருக்கின்றன. பாடகரின் குரல் கேட்கவில்லை, வயலின் கேட்கவில்லை, என்ன பாட்டு என்றே தெரியவில்லை. ஆனால் ‘தும்... தும்...’ என்ற ஒலி மட்டும் ஏழாவது மாடிவரை வந்து சன்னல் கண்ணாடியை மெல்ல நடுங்க வைக்கிறது.

அந்த ஒலியை எழுப்புவது காரின் டிக்கிக்குள் இருக்கும் சப்வூஃபர். உங்கள் மாமாவோ அண்ணனோ தம் காருக்கும் அப்படி ஒன்று வாங்க நினைக்கலாம். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் கார்க் கடைகளுக்குப் போனாலும் சரி, லிட்டில் இந்தியாவை அடுத்து ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் ஏறி இறங்கினாலும் சரி, பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில்தான் தொடங்கும். எத்தனை இன்ச்? எத்தனை வாட்?

இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறொன்று. இந்த ஒலிபெருக்கிக்குப் பின்னால் எவ்வளவு காற்று இருக்கப்போகிறது? முன்னால் எவ்வளவு காற்று இருக்கப்போகிறது? இதற்கு விடை தெரிந்தால் இன்ச்சும் வாட்டும் தாமாகவே முடிவாகிவிடும். அதைக் கணக்கிட உயர்நிலை மூன்று, நான்கில் படிக்கும் இயற்பியலே போதும்.

மிருதங்கத்தில் ரவை ஏன்?

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். காரின் கதவுகளில் இருக்கும் சிறிய ஒலிபெருக்கிகள் குரலையும் வீணையையும் நன்றாகத் தரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும்போது தளர்ந்துவிடும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஓடுவதைக் கவனித்துக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கதவு ஒலிபெருக்கி கொடுப்பது பாதிப் பாட்டுதான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அந்த இரண்டு ஸ்தாயிகளைப் பார்த்துக்கொள்வதே சப்வூஃபரின் வேலை.

தாழ்ந்த சுரம் வேண்டுமென்றால் அதிர்கிற பொருள் கனமாக இருக்க வேண்டும், அல்லது அதைப் பிடித்திருக்கும் சுருள்வில் இளக்கமாக இருக்க வேண்டும். மிருதங்கம் வாசிப்பவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். கச்சேரிக்கு முன் இடப்பக்கத் தோலின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலின் எடை கூடுகிறது, அதிர்வெண் குறைகிறது, ‘தொம்’ என்ற நாதம் கிடைக்கிறது. நம் தோல் கருவிகளில் இப்படி எடை ஏற்றுவது அதிர்வுகளை எப்படி மாற்றுகிறது என்பதை சர் சி. வி. ராமனே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர் பெரிதும் வியந்தது வலப்பக்கத்துக் கருமைப் பூச்சைப் பற்றி. நமக்கு இங்கே வேண்டியது இடப்பக்கத்து ரவை.

சப்வூஃபரின் கூம்பும் அப்படித்தான். கனமான கூம்பு, அதைச் சுற்றி இளக்கமான ரப்பர் விளிம்பு. கூம்பின் பின்னால் ஒரு கம்பிச்சுருள், அதைச் சூழ்ந்து ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் ஓடினால் கூம்பு முன்னே தள்ளப்படும். மின்னோட்டம் திசை மாறினால் பின்னே இழுக்கப்படும். ஃபிளெமிங்கின் இடக்கை விதியைக் கொண்டு நீங்களே திசையைச் சொல்லிவிடலாம். இந்த அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸ், கெலாக் என்ற இரு பொறியாளர்கள் 1925இல் நடைமுறைக்கு ஏற்றதாக உருவாக்கினார்கள். அடிப்படை இன்றும் அதேதான்.

பெட்டி என்பது வெறும் பெட்டியல்ல

கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. தாழ்ந்த ஒலியின் அலைநீளம் மிகப் பெரியது என்பதால், பின்பக்கத் தளர்ச்சி எளிதாகச் சுற்றி வந்து முன்பக்க அழுத்தத்தை அழித்துவிடும். அதனால் பெட்டியில்லாத சப்வூஃபர் எவ்வளவு ஆடினாலும் ‘தும்’ வராது. பின்பக்கக் காற்றை அடைத்து வைக்க ஒரு பெட்டி வேண்டும்.

அடைத்ததும் வேறொன்று நடக்கிறது. பெட்டிக்குள் சிக்கிய காற்று ஒரு சுருள்வில்லாகிவிடுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். காற்று உங்கள் கையைத் திருப்பித் தள்ளும். பாயில் விதி சொல்வது அதைத்தான். பெட்டி சிறியதானால் இந்தக் காற்று வில் விறைப்பாகும். விறைத்தால் அதிர்வெண் உயரும். அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் இதையே சாதகமாக்கினார். ரப்பரையும் துணியையும் கொண்டு கூம்பைப் பிடிப்பதைவிட, அடைத்த காற்றே சீரான வில்லாக இருக்கும் என்று கண்டு, சிறிய பெட்டியில் ஆழ்ந்த ஒலியைக் கொண்டுவந்தார்.

எந்தக் கூம்புக்கு எவ்வளவு பெரிய பெட்டி? இதைக் கணக்காக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இருவர். நெவில் தீல் 1961இல் ஒரு கட்டுரை எழுதினார். அது பத்து ஆண்டுகள் உலகின் கண்ணில் படாமலே கிடந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். இன்று எந்த சப்வூஃபரின் குறிப்பேட்டைத் திறந்தாலும் இவர்கள் இருவரின் பெயரால் ஓர் எண் பட்டியல் இருக்கும். விற்பனை அட்டையில் பெரிய எழுத்தில் வாட் இருக்கும். இந்தப் பட்டியலோ உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது பொடி எழுத்தைத்தான்.

பட்டியலில் மூன்று எண்கள் முக்கியம். முதலாவது, பெட்டியில்லாமல் கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண். இரண்டாவது, கூம்பின் விளிம்புக்கு இருக்கும் இளக்கம் எத்தனை லிட்டர் காற்றின் இளக்கத்துக்குச் சமம் என்பது. மூன்றாவது, தட்டிவிட்டால் கூம்பு எவ்வளவு நேரம் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதைக் காட்டும் ஓர் எண். அதை ஆட்ட எண் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்குப் போடுவோம். இயல்பு அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், இளக்கம் 40 லிட்டருக்குச் சமம், ஆட்ட எண் 0.46 என்று ஒரு 10 இன்ச் சப்வூஃபர் இருக்கிறது. அதை 30 லிட்டர் பெட்டியில் அடைக்கிறோம். 40ஐ 30ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்: 1.53. இந்த 1.53ஆல் அதிர்வெண்ணையும் ஆட்ட எண்ணையும் பெருக்க வேண்டும். அதிர்வெண் 46 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஆட்ட எண் 0.70 ஆகிறது. 0.7 என்பது பொறியாளர்கள் விரும்பும் இடம். அடி விழுந்ததும் ஒலிக்கும், அடி நின்றதும் நிற்கும்.

இடம் போதவில்லை என்று அதே சப்வூஃபரை 10 லிட்டர் பெட்டியில் திணித்தால்? இப்போது வர்க்கமூலம் 2.24. அதிர்வெண் 67 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. ஆட்ட எண் 1.03. ஆழமான ஒலி போய்விட்டது. 67 ஹெர்ட்ஸை ஒட்டிய சுரங்கள் மட்டும் வீங்கி, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘பூம்’ கேட்கும். கருவி அதேதான், பணமும் அதேதான். கெட்டது காற்றின் அளவு மட்டும்.

30 லிட்டர் என்றால் எவ்வளவு பெரியது? வெளிப்புறம் 40 × 35 × 30 செ.மீ. உள்ள பெட்டியை 18 மி.மீ. பலகையில் செய்தால், உள்ளே 30 லிட்டர் கிடைக்கும். இருபுறமும் பலகையின் கனத்தைக் கழித்து நீங்களே சரிபார்க்கலாம். காந்தமும் சட்டகமும் அதில் இரண்டொரு லிட்டரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள்.

கடையில் துளையுள்ள பெட்டிகளையும் பார்ப்பீர்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் குழாய் போன்ற ஒரு வாய் இருக்கும். இது வேறொன்றும் இல்லை, கடம்தான். கடத்தின் வாயருகே உள்ளங்கையால் தட்டினால் எழும் ஆழ்ந்த ‘கும்’ ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் உள்ள காற்று எடையாகவும், வயிற்றில் உள்ள காற்று வில்லாகவும் செயல்பட்டு ஒரே ஓர் அதிர்வெண்ணில் பலமாக ஒலிக்கின்றன. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்கிறோம். காலிப் போத்தலின் வாயில் ஊதினாலும் இதே விளைவுதான்.

துளைப்பெட்டி அந்த ஓர் அதிர்வெண்ணுக்கு அருகில் கூம்புக்குப் பெரிய உதவி செய்கிறது; அதே வாட்டில் கூடுதல் ஒலி. ஆனால் அதற்கு இரண்டு விலை உண்டு. பெட்டி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்கு பெரிதாகும். மேலும் துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் பெட்டிக்குள் காற்று வில்லாக நிற்பதில்லை. துளை வழியே உள்ளும் புறமும் ஓடிவிடுகிறது. பிடிமானம் இல்லாத கூம்பு தேவைக்கு மேல் ஆடிச் சேதமாகலாம். குத்துப் பாட்டு ஒன்றையே கேட்பவருக்குத் துளைப்பெட்டி பிடிக்கும். பேஸ் கிட்டார், மிருதங்கம், தவில் என்று எல்லாமும் கேட்பவர் மூடிய பெட்டியை எடுப்பதே மேல் என்பது என் கருத்து. காரைப் பொறுத்தவரை அதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு.

கார் என்கிற இலவச ஆம்ப்ளிஃபயர்

ஒலியின் வேகத்தை 330 அல்லது 340 என்று பாடநூலில் பார்த்திருப்பீர்கள். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் அது நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். வேகம் = அதிர்வெண் × அலைநீளம். அப்படியானால் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 350ஐ 40ஆல் வகுத்தால் வரும் 8.75 மீட்டர்.

காரின் உட்புறமோ, முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை மூன்று மீட்டர்கூடத் தேறாது. 2.8 மீட்டர் என்று கொள்வோம். அதில் 40 ஹெர்ட்ஸ் அலையின் பாதிகூட அடங்காது. பாதி அலையாவது அடங்க, அதிர்வெண் 350ஐ 5.6ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது சுமார் 62 ஹெர்ட்ஸுக்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே காருக்குள் ‘அலை’ என்ற பேச்சே பொருந்தாது. கூம்பு முன்னே வந்தால் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அழுந்துகிறது. பின்னே போனால் ஒன்றாகத் தளர்கிறது. நீங்கள் உட்கார்ந்திருப்பது சைக்கிள் பம்புக்குள்.

திறந்த வெளியில் கூம்பு அதே தூரம் ஆடிக்கொண்டிருக்க, அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் ஒலியழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும். அதனால்தான் மேடைக் கச்சேரிகளில் ஆளுயர சப்வூஃபர்களை அடுக்கி வைக்கிறார்கள். மூடிய காருக்குள் இந்த இழப்பு இல்லை. எவ்வளவு காற்று தள்ளப்பட்டதோ அவ்வளவு அழுத்தம். அதிர்வெண் எதுவானாலும் சரி. திறந்த வெளியோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு ஸ்தாயி கீழே இறங்கும்போதும் கார் நமக்கு 12 டெசிபல் வரை இனாமாகத் தருகிறது. மூடிய பெட்டியோ தன் அதிர்வெண்ணுக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 டெசிபல் இழக்கிறது. ஒன்றின் ஏற்றமும் மற்றொன்றின் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன! உண்மையான காரில் கதவு இடுக்குகளில் காற்று கசியும், கூரைத் தகடு வளைந்து கொடுக்கும். அதனால் முழு 12 கிடைக்காது. ஆனாலும் கிடைப்பதே பெரிய தொகை.

எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். 10 இன்ச் சப்வூஃபரின் கூம்புப் பரப்பு ஏறத்தாழ 350 சதுர சென்டிமீட்டர். அது 1 செ.மீ. முன்னே வந்தால் தள்ளப்படும் காற்று 350 மில்லி லிட்டர். ஒரு குளிர்பான டின்னைவிடச் சற்று அதிகம். டிக்கியையும் சேர்த்துக் காருக்குள் 3,500 லிட்டர் காற்று இருக்கிறது என்று கொள்வோம். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அழுந்தியிருக்கிறது. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 100,000 பாஸ்கல். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு 10 பாஸ்கல்.

வெறும் 10 பாஸ்கலா என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் ஒலியின் தொடக்கப்புள்ளி ஒரு பாஸ்கலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த அளவோடு ஒப்பிட்டால், உச்சம் 10 பாஸ்கலாக இருக்கும் அதிர்வு 110 டெசிபலைத் தாண்டுகிறது. ஒரே ஒரு 10 இன்ச் கூம்பு, ஒரு சென்டிமீட்டர் ஆட்டம், அவ்வளவுதான்.

இங்கேதான் மாமாவின் ‘இரண்டு பன்னிரண்டு இன்ச்’ கனவை நீங்கள் மரியாதையாகக் கலைக்க வேண்டியிருக்கும். அவர் தனியார் வாடகைக் கார் ஓட்டுபவராக இருந்தால் இன்னும் எளிது. இரண்டு 12 இன்ச் துளைப்பெட்டிகள் டிக்கியில் உட்கார்ந்துவிட்டால், சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறும் பயணியின் பெட்டிகளை எங்கே வைப்பது?

வாட்டைப் பற்றிச் சுருக்கமாக

அட்டையில் ‘1,500 வாட்’ என்று மின்னும் எண் பெரும்பாலும் கண நேர உச்சம். பார்க்க வேண்டியது ‘ஆர்எம்எஸ்’ என்று போட்டிருக்கும் எண்ணை. தொடர்ந்து தாங்கக்கூடிய திறன் அதுதான். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. அதாவது 250 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு, காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்ற அளவுதான். அதே 3 டெசிபலை, பரிசோதனை அறிக்கையில் 85க்குப் பதில் 88 டெசிபல் உணர்திறன் உள்ள கருவியைத் தேர்ந்தெடுத்தும் பெறலாம்.

மின்சாரப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். 300 வாட் வெளியே வர, ஆம்ப்ளிஃபயர் ஏறத்தாழ 375 வாட்டை உள்ளே இழுக்கும். மீதி வெப்பமாகப் போகும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 13.5 வோல்ட் என்றால், மின்னோட்டம் 375ஐ 13.5ஆல் வகுத்த அளவு, அதாவது 28 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. நம் வீட்டு மூன்று முனைப் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ்! மின்னழுத்தம் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது இங்கே தவறு. கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பேட்டரியிலிருந்து டிக்கிவரை வரும் கம்பி தடிமனான செம்பாக இருக்க வேண்டும். அதன் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் ஏற்கெனவே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது காப்பது ஆம்ப்ளிஃபயரை. வழியில் எங்காவது கம்பியின் உறை உரசித் தேய்ந்து காரின் உலோக உடலைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அந்தக் கம்பியைக் காப்பது பேட்டரி பக்கத்து ஃபியூஸ் மட்டும்தான். இதைச் செய்யாத கடையில் வேலை கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

ஏழாவது மாடிக்கு எப்படி வந்தது?

இப்போது அந்த இரவு ஒன்பது மணிக்குத் திரும்புவோம். குரலும் வயலினும் காருக்குள்ளேயே நின்றுவிட, ‘தும்’ மட்டும் எப்படி வெளியேறியது?

ஒரு தகடோ கண்ணாடியோ ஒலியைத் தடுப்பது, அது அசைய மறுப்பதால். வேகமாக அதிரும் காற்று, கனமான கண்ணாடியை அதே வேகத்தில் ஆட்டிவைக்க முடியாமல் தோற்றுப்போகிறது. மெதுவாக அதிரும் காற்றுக்கு அவகாசம் இருக்கிறது. கண்ணாடியும் கூரையும் அதனோடு சேர்ந்து ஆடுகின்றன. அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது என்பது கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் விதி. 1,000 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 62 ஹெர்ட்ஸுக்கு வர நான்கு முறை பாதியாக்க வேண்டும். 24 டெசிபல் போயிற்று. அதாவது குரலைவிட ‘தும்’ 16 மடங்கு அழுத்தத்தோடு வெளியே கசிகிறது.

வெளியே வந்தபின் அதை மறைக்கவும் ஆளில்லை. எட்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அலைக்கு வாகன நிறுத்துமிடத்தின் தூணும் கைப்பிடிச் சுவரும் ஒரு பொருட்டல்ல, வளைந்து போய்விடும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் கண்டுபிடிக்க முடியாது. இரு காதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு சாணுக்குள்தான். அவ்வளவு நீண்ட அலை இரண்டு காதுகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கிறது. (இதில் ஒரு நன்மையும் உண்டு. சப்வூஃபரை டிக்கியில் வைத்தாலும் பாட்டு முன்னாலிருந்து வருவதுபோலவே கேட்கும்.)

எல்லாவற்றுக்கும் மேலாக, தாழ்ந்த ஒலியைக் காது உணரும் முறையே வேறு. 1,000 ஹெர்ட்ஸில் 0 டெசிபலுக்கு அருகிலேயே நமக்குக் கேட்கத் தொடங்கிவிடும். 40 ஹெர்ட்ஸில் கேட்கத் தொடங்கவே 50 டெசிபல் வேண்டும். அதன்பிறகோ ஏற்றம் செங்குத்தானது. சில டெசிபல் கூடினாலே ‘இல்லை’ என்பது ‘இருக்கிறது’ ஆகி, ‘தாங்க முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும். காருக்குள் இருப்பவர் குமிழை ஒரு சுற்றுத் திருப்பியது அவருக்குச் சின்ன மாற்றமாக இருக்கலாம். ஏழாவது மாடியில் தூங்கும் குழந்தைக்கு அது மௌனத்துக்கும் விழிப்புக்கும் இடையிலான கோடு.

சன்னல் நடுங்கியதற்குக் காரணம் ஒத்ததிர்வு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும் அல்லவா? சன்னலின் இயல்பு அதிர்வெண்ணோடு பாட்டின் அடி ஒத்துப்போனால், அது வீட்டுக்குள்ளேயே ஒரு சிறிய பறை ஆகிவிடுகிறது.

அடுக்குமாடியில் வாழும் நமக்கு இது சின்ன விஷயமல்ல. அக்கம்பக்கத்து இரைச்சலைப் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை இருந்த அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்க 2022இல் பரிந்துரைத்தது. வீட்டுச் சுவரைத் தாண்டும் ஒலியை எண்ணி வந்த பரிந்துரை அது. ஆனால் நிறுத்தியிருக்கும் காரும், இயற்பியலைப் பொறுத்தவரை, மெல்லிய சுவர்கொண்ட ஓர் அறைதான்.

காருக்குள் இருப்பவரின் காதையும் நினைக்க வேண்டும். சிங்கப்பூர் வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கான இரைச்சல் வரம்பு 85 டெசிபல். அந்த அளவீட்டு முறை தாழ்ந்த ஒலியைக் குறைத்தே மதிப்பிடும். அதனால் 110 டெசிபல் ‘தும்’மை அதோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ‘தும்’ பலமாக இருந்தால் பாட்டு முழுவதையும் அதற்கு ஈடாக ஏற்றத் தோன்றும். காதைக் கெடுப்பது அதுதான். அதோடு, தாழ்ந்த ஒலி தன்னைவிட உயர்ந்த ஒலிகளை மறைக்கும் குணம் கொண்டது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் ஓட்டுநருக்குத் தாமதமாகக் கேட்டால் யாருக்கு இழப்பு?

அப்படியானால் எதை வாங்கலாம்?

மாமாவின் கார் சிறிய செடான், டிக்கி அவருக்கு வேலைக்கு வேண்டும் என்றால் என் தேர்வு இது: ஒரு 10 இன்ச், ஆட்ட எண் 0.45க்கு அருகில், 25 முதல் 30 லிட்டர் மூடிய பெட்டி, 200 முதல் 300 வாட் ஆர்எம்எஸ். பெட்டி டிக்கியின் ஒரு மூலையில் போய்விடும். இரண்டு பயணப்பெட்டிகளுக்கு இடம் இருக்கும். டிக்கியை அறவே தொடக்கூடாது என்றால், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பொருந்தும் 8 இன்ச் தட்டை வகைகள் உண்டு. அதன் கூம்புப் பரப்பு 10 இன்ச்சில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் குறைவு, ஆட்டமும் குறைவு. 30 ஹெர்ட்ஸை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பேஸ் கிட்டார் கேட்கும், மிருதங்கத்தின் ‘தொம்’ கேட்கும். பலருக்கு அதுவே போதும். ஹேட்ச்பேக் காரில் டிக்கிக்கும் இருக்கைகளுக்கும் நடுவே தடுப்பு இல்லாததால் இன்னும் குறைவான வாட்டே போதுமானது.

பொருத்திய பிறகு செய்யும் சோதனையில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். கைப்பேசியில் ஒலியதிர்வு உண்டாக்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. கைப்பேசியைக் காரோடு இணைத்து, ஒலியைக் குறைவாக வைத்து, 80 ஹெர்ட்ஸிலிருந்து 30 வரை மெல்ல இறக்குங்கள். ஏதாவது ஓர் இடத்தில் ஒலி திடீரென்று வீங்கினால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரில் அந்த இடத்தைக் குறைக்கச் சொல்லலாம். எங்காவது ‘கிர்ர்’ என்று கேட்டால் பெரும்பாலும் சப்வூஃபரின் குறை அல்ல. டிக்கி மூடியில் உள்ள எண் பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள், நின்றுவிடும். பலகைக்குப் பின்னால் ஒரு துண்டு பஞ்சுநாடா ஒட்டினால் போதும்.

கடைசியாக, மாமா வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் காரைவிட்டு இறங்கிக் கதவை மூடுங்கள். இருபது அடி எடுத்து வைத்து நின்று கேளுங்கள். ‘தும்’ இன்னும் கேட்டால், அந்த அளவைக் குமிழில் ஒரு சிறு புள்ளியாகக் குறித்துவிடுங்கள். வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போது குமிழ் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்க வேண்டும்.